அந்தக் கேள்விக்கு நாம் சிரித்திருக்கக் கூடாது

ஃபர்ஸ்ட் இயர் தொடங்கி மூன்றாவது வாரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மேத்ஸ் பீரியட். பாதி கிளாஸ் தூக்கத்தில், மீதி பாதி பெஞ்சுக்கு அடியில் போனில். சார் போர்டில் √−1 என்று எழுதி, “இது இமாஜினரி நம்பர், பிளஸ் டூவுலயே படிச்சிருப்பீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அப்போது கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்தான். கவர்மென்ட் ஸ்கூலில் தமிழ் மீடியம் படித்துவிட்டு வந்தவன்.

“சார், கற்பனை எண்ணுன்னா அது இல்லாத எண்ணுதானே? இல்லாத ஒண்ண வச்சு, இருக்கிற ஒண்ணுக்கு எப்படி சார் விடை கண்டுபிடிக்கிறது?”

கிளாஸே சிரித்தது. சாரும் லேசாகச் சிரித்தார். “எக்ஸாம்ல அதெல்லாம் கேக்க மாட்டாங்க, உக்காருப்பா” என்றார். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மேத்ஸ் கிளாஸில் அவன் வாயைத் திறந்து நான் பார்க்கவில்லை. அந்த செமஸ்டரில் அவனுக்கு விழுந்த ஒரே அரியர் எம்-1. இப்போது நாங்கள் அஞ்சாவது செமஸ்டர். அந்த அரியர் இன்னும் நிற்கிறது.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தன். பதில் தெரிந்து சிரிக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவ்வளவுதான்.

போன லீவில் எண்களின் வரலாற்றைக் கொஞ்சம் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. அவன் கேட்ட அதே கேள்வியை உலகத்தின் பெரிய பெரிய கணித மூளைகள் 250 வருஷத்துக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதில் தெரியாமல் முழித்தும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் இன்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் எல்லா எண்ணும் ஒரு காலத்தில் “இதெல்லாம் ஒரு எண்ணா?” என்ற கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே வந்தது. அந்தக் கேள்வியைத் தப்பு என்று நினைக்கும் வகுப்பில் ஃபார்முலா சொல்லித் தரலாம், கணிதம் சொல்லித் தர முடியாது.

ஒன்றே எண் இல்லை என்றவர்கள்

யூக்ளிடின் புத்தகத்தில் எண் என்றால் அலகுகளின் கூட்டம் என்று வரையறை இருக்கிறது. கூட்டம் என்றால் ஒன்றுக்கு மேல் வேண்டும். அதனால் அந்தக் காலக் கிரேக்கர்களில் பலருக்கு 1 என்பது எண்ணே கிடையாது. எண்களைப் பிறப்பிக்கும் அலகு, அவ்வளவுதான். 2-இலிருந்துதான் எண் தொடங்கும். இதைக் கேட்டால் இன்று எல்.கே.ஜி. குழந்தைகூடச் சிரிக்கும். ஆனால் அவர்கள் கையில் இருந்த வரையறைக்கு அவர்கள் சொன்னது சரிதான்.

பின்னமும் அவர்களுக்கு எண் இல்லை. இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள விகிதம் மட்டும்தான். அப்புறம் ஒரு சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் எடுத்து விகிதம் பார்த்தார்கள். எந்த இரண்டு முழு எண்ணைப் போட்டாலும் அந்த விகிதம் பிடிபடவில்லை. இன்று நாம் √2 என்று எழுதுகிறோமே, அதுதான். இந்த ரகசியத்தை வெளியில் சொன்னவனைக் கடலில் மூழ்கடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதிர்ச்சி உண்மை. அதன் பிறகு கிரேக்கர்கள் அளவுகளைப் பற்றிப் பேச எண்ணை விட்டுவிட்டுக் கோட்டையும் பரப்பையும் நம்பினார்கள்.

நம்ம ஊர்ப் பக்கம் பார்த்தால் கதை வேறு மாதிரி. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் பின்னம் இல்லாமல் முடியாது. அதனால் தமிழ்க் கணக்கில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரே இருந்தது. அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320). திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் இதையெல்லாம் எண்சுவடி வைத்து மனப்பாடம் செய்தார்கள். கிரேக்கத் தத்துவ ஞானி எண் இல்லை என்று ஒதுக்கியதை, நம்ம கணக்குப்பிள்ளை பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். யார் புத்திசாலி என்பதல்ல பாயிண்ட். தேவை எங்கே இருந்ததோ அங்கே எண் முளைத்தது.

பூஜ்ஜியமும் கடனும்

அதே தமிழ்க் கணக்கில் பூஜ்ஜியம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறி இருந்தது. 205 என்றால் ௨௱௫. நடுவில் காலி இடமே இல்லை, அப்புறம் பூஜ்ஜியம் எதுக்கு? பாபிலோனியர்கள் இடத்தை வைத்து மதிப்புச் சொன்னதால் அவர்களுக்குக் காலி இடத்தைக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. வைத்துக்கொண்டார்கள். ஆனால் அது நிறுத்தற்குறி மாதிரிதான். அதை யாரும் கூட்டவோ பெருக்கவோ இல்லை.

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ நூலில்தான் பூஜ்ஜியத்தோடு கூட்டு, கழி, பெருக்கு என்று விதிகள் வருகின்றன. குறியாக இருந்தது அங்கே எண்ணாகிறது. கூடவே குறை எண்களும் வருகின்றன. மிகை எண்ணை ‘தனம்’ என்றும் குறை எண்ணை ‘ருணம்’, அதாவது கடன் என்றும் சொல்கிறார். கடனும் கடனும் பெருகினால் தனம் என்று விதியும் தருகிறார். அதற்கு முன்பே சீனாவில் சிவப்புக் குச்சி மிகை எண், கறுப்புக் குச்சி குறை எண் என்று வைத்துச் சமன்பாடு போட்டிருக்கிறார்கள். கி.பி. 263-இல் லியூ ஹுய் எழுதிய உரையில் இது இருக்கிறது.

“பாத்தியா, நாமதான் கண்டுபிடிச்சோம்” என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு அடிக்கும் முன்னால் இன்னொன்றையும் சேர்த்து அடியுங்கள். அதே பிரம்மகுப்தர் 0-ஐ 0-ஆல் வகுத்தால் 0 என்றும் எழுதியிருக்கிறார். அது இன்று தப்பு. அது அவருக்கு அவமானம் இல்லை. புது எண்ணைக் கையில் எடுத்தவர், அதன் எல்லை எங்கே என்று தடவிப் பார்க்கிறார். தப்பே பண்ணாமல் புது எண்ணை யாரும் கொண்டுவந்ததில்லை.

இந்த எண்கள் அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1202-இல் ஃபிபொனாச்சி புத்தகம் போட்டு அறிமுகப்படுத்தினார். உடனே எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். 1299-இல் ஃப்ளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர் சங்கம், கணக்குப் புத்தகத்தில் இந்தப் புது எண்களை எழுதக் கூடாது என்றே விதி போட்டது. நாம் பரீட்சையில் ‘முட்டை’ என்று கிண்டல் பண்ணும் பூஜ்ஜியத்துக்கு இன்னொரு பெயர் சைபர் இல்லையா? சூன்யம் அரபியில் ‘ஸிஃப்ர்’ ஆகி, ஐரோப்பாவைச் சுற்றி, இங்கிலீஷ்காரன் வழியாக நம்ம வீட்டுக்கே திரும்பி வந்த சொல் அது.

டி மார்கனுக்கே வந்த டவுட்

குறை எண்ணை ஐரோப்பா எளிதில் ஏற்கவில்லை. பூஜ்ஜியத்திலிருந்து 4-ஐக் கழித்தால் பூஜ்ஜியம்தான் என்று நினைத்தவர் பாஸ்கல். ஆமாம், பாஸ்கல் முக்கோணத்தின் பாஸ்கல்தான். அவர் நண்பர் ஆர்னோ இன்னும் கூர்மையாகக் கேட்டார். 1-க்கும் −1-க்கும் உள்ள விகிதமும், −1-க்கும் 1-க்கும் உள்ள விகிதமும் சமம் என்கிறீர்கள். பெரியதுக்குச் சின்னது எப்படியோ, அப்படியே சின்னதுக்குப் பெரியது என்று எப்படி இருக்க முடியும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் யோசிக்காமல் நாம் எல்லாரும் ஏழாம் வகுப்பைத் தாண்டி வந்துவிட்டோம்.

1796-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரெண்ட் என்பவர் குறை எண்களே வேண்டாம் என்று அல்ஜீப்ரா புத்தகம் எழுதினார். அவருடைய மருமகனை உங்கள் எல்லாருக்கும் தெரியும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் இரண்டு மார்க் கேள்வியாக வருவாரே, டி மார்கன், அவர்தான். 1831-இல் அவர் ஒரு கணக்கு எழுதுகிறார். அப்பாவுக்கு வயது 56, மகனுக்கு 29. எத்தனை வருஷம் கழித்து அப்பாவின் வயது மகனைப் போல இரண்டு மடங்காகும்? போட்டுப் பாருங்கள், −2 வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆகிவிட்டது என்று அர்த்தம். டி மார்கனுக்கு இந்த −2 அபத்தமான விடையாகப் பட்டது. கேள்வியைத் தப்பாகக் கேட்டிருக்கிறோம், ‘எத்தனை வருஷத்துக்கு முன்னால்’ என்று திருத்திக் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அது 1831. அப்போது ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதே வருஷம் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்திலும் ஒரு கணிதப் பேராசிரியர் மைனஸ் இரண்டைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்.

மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ்? என் சித்தி மகள் ஏழாவது படிக்கிறாள், அவள் கேட்டாள். “அது ரூல்டி” என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். 1-உம் −1-உம் சேர்ந்தால் 0. அந்த மொத்தத்தை −1-ஆல் பெருக்கினாலும் 0-தான் வர வேண்டும். பிரித்துப் பெருக்கினால் முதல் துண்டு −1. இரண்டாவது துண்டு (−1)×(−1). இரண்டும் சேர்ந்து 0 ஆக வேண்டும் என்றால் இரண்டாவது துண்டு +1 ஆக இருந்தே ஆக வேண்டும். யாரோ மேலேயிருந்து போட்ட சட்டம் இல்லை இது. பழைய எண்களுக்கு இருந்த பெருக்கல் விதி புது எண்களுக்கும் பொருந்த வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதற்கான விளைவு. “அப்ப இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே அண்ணா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

டாக்டர் தயங்கினார், இன்ஜினியர் துணிந்தார்

இப்போது நம்ம கற்பனை எண்ணுக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலி. முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை தார்த்தாலியா என்பவர் ரகசியமாக வைத்திருந்தார். 1539-இல், வெளியில் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணி அதை வாங்கிக்கொண்டவர் மிலான் நகரத்து மருத்துவர் கார்டானோ. தார்த்தாலியாவுக்கும் முன்பே இன்னொருவர் அதைக் கண்டுபிடித்திருந்தார் என்று தெரிந்ததும், 1545-இல் தன் புத்தகத்தில் போட்டுவிட்டார். பெரிய சண்டை. அந்தச் சண்டையே தனிக் கட்டுரைக்குத் தாங்கும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு சின்னக் கணக்கு வருகிறது. 10-ஐ இரண்டாகப் பிரி, இரண்டையும் பெருக்கினால் 40 வர வேண்டும். சரிபாதியாகப் பிரித்தாலே 25-தான் வரும், 40 எப்படி வரும்? கார்டானோ சூத்திரத்தில் போட்டார். 5 + √−15, 5 − √−15 என்று வந்தது. கூட்டினால் 10. பெருக்கினால் 25 + 15, சரியாக 40. மனசை வதைக்கிற விஷயம், நுட்பமானது ஆனால் பயனில்லாதது என்ற தொனியில் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். “எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க, உக்காரு” என்பதன் பதினாறாம் நூற்றாண்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தவர் போம்பெல்லி. சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடிக்கும் வேலை பார்த்த இன்ஜினியர். இன்றைய கணக்கில் நம்ம சிவில் டிபார்ட்மென்ட். ஒரு எண்ணின் கனம், அந்த எண்ணின் 15 மடங்கோடு 4-ஐக் கூட்டியதற்குச் சமம், அந்த எண் எது என்பது கணக்கு. விடை 4 என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். 64 = 60 + 4. ஆனால் கார்டானோ சூத்திரத்தில் போட்டால் நடுவில் √−121 வந்து நிற்கிறது. விடை நம் கண் முன்னால் நிஜமாக இருக்கிறது, போகிற பாதையிலோ இல்லாத எண். போம்பெல்லி திரும்பி ஓடவில்லை. கணக்கு போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டார். 2 + √−1-இன் கனம் 2 + √−121. இன்னொரு பக்கம் 2 − √−1-இன் கனம் 2 − √−121. அப்படியானால் சூத்திரம் சொல்லும் விடை (2 + √−1) + (2 − √−1). இல்லாத எண்கள் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, மிச்சம் 4. இது 1572-இல் அச்சில் வந்தது.

“இல்லாத ஒண்ண வச்சு, இருக்கிற ஒண்ணுக்கு எப்படி விடை?” என்று எங்கள் கிளாஸில் எழுந்த கேள்வி இருக்கிறதே, எழுத்துக்கு எழுத்து இதே இடத்தில் பிறந்த கேள்விதான்.

துணிந்தும் நிம்மதி வரவில்லை. 1637-இல் தெகார்த் இதற்கு ‘கற்பனை’ என்று பெயர் வைத்தார். அது பாராட்டுப் பெயர் இல்லை. 1702-இல் லைப்னிட்ஸ், இருப்புக்கும் இல்லாமைக்கும் நடுவில் கிடக்கும் நீர்நில வாழ்வி மாதிரி இது என்றார். கால்குலஸ் தந்த மனுஷனுக்கே தவளை மாதிரித் தெரிந்த ஒன்று, பதினெட்டு வயசுப் பையனுக்குப் புரியவில்லை என்றால் சிரிப்பா?

ஹாஸ்டல் ஃபேனில் இருக்கும் எண்

தெளிவு எப்போது வந்தது? படம் வரைந்தபோது. 1797-இல் வெஸல் என்ற நில அளவையாளர் டென்மார்க்கில் ஒரு கட்டுரை வாசித்தார். 1806-இல் பாரிஸில் ஆர்கன் தனியாக இதையே கண்டார். இவர்கள் சொன்னதை என்.சி.சி. பரேடு போனவர்கள் ஒரே நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளலாம். −1-ஆல் பெருக்குவது என்றால் அபவுட் டர்ன், 180 டிகிரி திரும்பு. சரி, எதை இரண்டு தடவை செய்தால் அபவுட் டர்ன் வரும்? லெஃப்ட் டர்னை. அந்த லெஃப்ட் டர்ன்தான் √−1. எண்கோட்டில் முன்னும் பின்னும் மட்டுமே நடக்கத் தெரிந்தவனுக்கு அது இல்லாத எண். மைதானத்தில் நிற்பவனுக்கு அது பக்கத்துத் திசை.

காஸ் 1831-இல் இதைத்தான் சொல்லி வருத்தப்பட்டார். மிகை, குறை, கற்பனை என்று சொல்லாமல் நேர், எதிர், பக்கவாட்டு என்று பெயர் வைத்திருந்தால் இவ்வளவு மர்மமே இருந்திருக்காது என்பது அவர் கருத்து. பெயர்தான் வில்லன்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. ‘இமாஜினரி’ என்ற சொல்லை இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நாங்கள் வெறும் லேபிளாக விழுங்கிவிட்டோம். அவன் ‘கற்பனை எண்’ என்று அர்த்தத்தோடு படித்திருந்தான். அதனால் அவனுக்கு உறுத்தியது, எங்களுக்கு உறுத்தவில்லை. தமிழில் படித்ததால் அவன் பின்தங்கியதாக நாங்கள் நினைத்தோம். உண்மையில் அந்த வகுப்பில் பாடத்தைக் காதில் வாங்கி யோசித்தவன் அவன் ஒருத்தன்தான். நம்ம மொழியில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, எண்ணுவது என்றால் நினைப்பதும்கூட. எல்லா எண்ணும் மனிதன் எண்ணிக் கொண்டுவந்ததுதான்.

அப்புறம் 1893-இல் சிகாகோவில் நடந்த மின்சார மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் என்ற எலக்ட்ரிகல் இன்ஜினியர், மாறுதிசை மின்னோட்டக் கணக்கு முழுவதையும் கலப்பெண்களால் போடலாம் என்று காட்டினார். வோல்டேஜும் கரண்டும் ஒன்றுக்கொன்று முந்திப் பிந்தி வருவதைக் குறிக்க அந்தக் கால் திருப்பம் அச்சாகப் பொருந்தியது. கரண்டுக்கு ‘ஐ’ என்ற எழுத்து ஏற்கெனவே போய்விட்டதால் நாம் ‘ஜே’ என்று எழுதுகிறோம். மருத்துவர் தயங்கினார், சிவில்காரர் துணிந்தார், நில அளவையாளர் படம் போட்டார், எலக்ட்ரிகல்காரர் வேலைக்கு வைத்தார்.

போன மாசம் ஹாஸ்டலில் எங்கள் ரூம் ஃபேன் சுற்றவில்லை. உம்ம்ம் என்று சத்தம் மட்டும். வேறு யாரைக் கூப்பிடுவது, அவனைத்தான் கூப்பிட்டோம். “கண்டென்சர் போயிருச்சு மச்சி” என்று 2.5 மைக்ரோ ஃபாரட் ஒன்று வாங்கி வந்து பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டான். ஃபேன் மோட்டாரில் இரண்டு காயில். இரண்டிலும் கரண்ட் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நிற்கும். ஒரு காயிலின் கரண்டைக் கிட்டத்தட்ட 90 டிகிரி தள்ளிவிடுவதற்குத்தான் அந்தக் கண்டென்சர். அந்த 90 டிகிரிக்குக் கணக்கில் பெயர் ‘ஜே’. அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “இத அன்னிக்கே சொல்லியிருந்தா என்னடா?” என்றான்.

அப்போ யார் வேண்டுமானாலும் எண் செய்யலாமா?

அடுத்து அவன் கேட்டது இதுதான். நல்ல கேள்வி. √−1-ஐ இருப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்றால், 1/0-ஐயும் வைத்துக்கொள்ளலாமே?

செய்து பார்ப்போம். அந்தப் புது எண்ணுக்கு ‘டுபாக்கூர்’ என்று பெயர் வைப்போம். விதிப்படி 0 × டுபாக்கூர் = 1. இப்போது 0 + 0-உம் 0-தானே. அதனால் (0 + 0) × டுபாக்கூர் = 1. பிரித்துப் பெருக்கினால் 1 + 1 = 2. ஆக 1 = 2. முடிந்தது கதை. ஒரு புது எண்ணை உள்ளே விட்டதற்கு மொத்த வீடும் இடிந்துவிட்டது. √−1-ஐ விட்டபோது அப்படி எதுவும் இடியவில்லை.

ஆனால் விலையே இல்லாமலும் இல்லை. √−1 பூஜ்ஜியத்தைவிடப் பெரிதா, சின்னதா? இரண்டும் சொல்ல முடியாது. மிகை எண்ணாக இருந்தால் அதன் வர்க்கம் மிகை, குறை எண்ணாக இருந்தாலும் வர்க்கம் மிகை, இதன் வர்க்கமோ −1. கலப்பெண்ணை வாங்கியதற்கு ‘பெரிது சின்னது’ என்பதைக் கொடுத்தோம். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய் ஓரம் மனைவியோடு நடந்துகொண்டிருந்த ஹாமில்டனுக்கு, முப்பரிமாணத் திருப்பத்துக்கான புது எண்கள் பிடிபட்டன. பாலத்துக் கல்லிலேயே கீறி வைத்தார். அவை குவாட்டர்னியன்கள். அவர் கொடுத்த விலை, முன்பின் மாற்றிப் பெருக்கினால் விடை மாறும் என்பது. சந்தேகமாக இருந்தால் உங்கள் போனை முன்பக்கம் ஒரு கால் சுற்று, பக்கவாட்டில் ஒரு கால் சுற்று திருப்புங்கள். அப்புறம் வரிசையை மாற்றித் திருப்புங்கள். வேறு நிலையில் நிற்கும். நீங்கள் ஆடும் முப்பரிமாண கேம்களிலும் ட்ரோன்களிலும் திருப்பத்துக்கு இந்த எண்கள்தான் ஓடுகின்றன.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எண்ணும் இப்படித்தான். பைதானில் 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். 0.1-ஐ பைனரியில் முழுசாக எழுத முடியாது, வெட்டித்தான் வைக்க வேண்டும். இது ஜோக் இல்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. 0.1-ஐ 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் பிழை சேர்ந்து சுமார் 0.34 நொடி ஆகிவிட்டது. ‘இந்த எண் நிஜமாவே அந்த எண்தானா?’ என்று கேட்பது வெட்டிக் கேள்வி இல்லை.

போர்ஷன் முடிக்க வேண்டாமா?

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அஞ்சு யூனிட், இன்டர்னல் தேதி தலைக்கு மேல், இதில் வரலாறு வேறயா? நியாயம்தான். வரலாறு படித்து யாரும் அரியர் க்ளியர் பண்ணப் போவதில்லை. கணக்கு போட்டுத்தான் க்ளியர் பண்ண வேண்டும். போம்பெல்லியும் முதலில் போட்டார், அப்புறம்தான் உலகம் புரிந்துகொண்டது. நான் கேட்பது யூனிட்டுக்குப் பத்து நிமிஷம். எந்தக் கணக்கு முட்டிக்கொண்டு நின்றது, யார் ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் ஏன் ஒத்துக்கொண்டார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தோம். இந்த நாலும் தெரிந்தால் போதும். தனக்கு வந்த டவுட் தன் மண்டைக் கோளாறு இல்லை, கணிதத்திலேயே இருந்த டவுட் என்று ஒருத்தனுக்குத் தெரிந்துவிட்டால், அவன் அடுத்த வரியையும் கேட்பான்.

அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை என்றாலும் ஒன்று நம் கையில் இருக்கிறது. அன்றைக்கு அவனை உட்கார வைத்தது சார் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இல்லை. அறுபது பேரின் சிரிப்பு. சிரிக்காமல் இருக்க சிலபஸ் மாற வேண்டாம், யூனிவர்சிட்டி சர்க்குலர் வர வேண்டாம்.

நவம்பரில் அவன் எம்-1 மறுபடி எழுதுகிறான். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காருகிறோம். நான் அவனுக்குச் சொல்லித் தருகிறேன் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் என் நேரம் போகிறது. நேற்று கேட்டது: “எண்கோட்டுல √2 எங்கயோ ஒரு புள்ளியா இருக்குங்கற. புள்ளிக்கு நீளமே இல்ல. அப்ப அத்தனை புள்ளி சேந்து நீளம் எங்கிருந்துடா வந்துச்சு?”

எனக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். சிரிக்கவில்லை.